சில சமயம் பிடிக்காத பிரேக்

மனிதனுக்கு வருகிற வியாதிகளில் மிகப் பொல்லாதது எது என்று என்னைக் கேட்டால், வைத்தியரைக் கண்டதும் மறைந்துவிடுகிற வியாதி என்றுதான் சொல்வேன். இரவெல்லாம் உயிரை வாங்கிய பல்வலி, பல் டாக்டர் வீட்டுப் படியில் கால் வைத்ததும் நின்றுவிடும். "எந்தப் பல்?" என்று அவர் கேட்டால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். மருந்து வாங்காமல் வீடு திரும்பினால், சாப்பாட்டு வேளைக்குச் சரியாக வலியும் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்துகொள்ளும்.

வயதான மோட்டார் கார்களுக்கு இந்தக் குணம் நிறையவே உண்டு. ஹாரன் சில சமயம் ஒலிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. நமக்குத் தொண்டை இருக்கிறது. கதவு சில சமயம் திறக்காவிட்டால் மறுபக்கத்தால் இறங்கலாம். ஆனால் பிரேக் 'சில சமயம்' பிடிக்கவில்லை என்றால் விஷயம் வேறு. முழுக்கக் கெட்டுப்போன பிரேக்கை நான் யோக்கியமான பிரேக் என்றே சொல்வேன். அது வண்டியை வாசலிலேயே நிறுத்திவிடும். நூறு தரம் பிடித்துவிட்டு நூற்றோராவது தரம் கைவிடுகிற பிரேக் இருக்கிறதே, அதுதான் ஆளை ஏமாற்றும். அந்த நூறு தரமும் நாம் அதற்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொண்டே வந்திருப்போம்.

இந்தச் 'சில சமயம்' எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, பிரேக்கின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் பழைய பிரேக் எது? தேருக்குப் போடுகிற முட்டுக்கட்டைதான். திருவாரூர் ஆழித்தேரின் எடை சுமார் 300 டன் என்று சொல்வார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அது புண்ணியம். ஓடி வருகிற தேரின் சக்கரத்துக்குக் கீழே, கையை இழக்காமல் கட்டையைச் செருகி, அங்குலக் கணக்கில் அதை நிறுத்தவும் திருப்பவும் தெரிந்தவர்கள் சிலபேர்தான். அது வித்தை. நம்முடைய பாஷை அந்தச் சிலருக்கு நன்றி பாராட்டவில்லை. நல்ல காரியத்தைக் கெடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று திட்டுகிறோம். வடம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தது முட்டுக்கட்டை போட்டவனால்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பிற்காலத்தில் திருச்சி பெல் தொழிற்சாலைக்காரர்கள் அந்த ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே அமைத்துக் கொடுத்தார்கள். கட்டைக்கும் ஹைட்ராலிக்குக்கும் நடுவே உள்ள சரித்திரம்தான் நம்முடைய கதை.

கட்டை சக்கரத்தின் வழியை மறிக்கிறது. அடுத்த யோசனை, சக்கரத்தின் மேலேயே எதையாவது வைத்துத் தேய்ப்பது. எதை வைத்துத் தேய்த்தால் நன்றாகப் பிடிக்கும்? இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப் பக்கத்து வண்டிக்காரர்கள், இறக்கத்தில் பிரேக் கட்டைமேல் பழைய பூட்ஸ் தோலை அடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கம்பெனிதான் 1897இல் தொடங்கிய ஃபெரோடோ. அவர் பெயரின் எழுத்துக்களையே கலைத்துப் போட்டு அந்தப் பெயரை உண்டாக்கினார். உலகமெங்கும் ஓடிய பிரேக் லைனிங்குகளுக்கு மூதாதை ஒரு கிழிந்த பூட்ஸ் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1902இல் பிரான்ஸ் தேசத்து லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் ஒரு டிரம், அதற்குள்ளே விரிந்து உரசும் ஷூக்கள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். லைனிங் கிடைத்தது, டிரம் கிடைத்தது. மிச்சமிருந்த கேள்வி ஒன்றே: காலால் மிதிக்கிற பலத்தை நாலு சக்கரங்களுக்கும் எப்படிக் கொண்டுபோவது? ஆரம்பத்தில் இரும்புக் கம்பிகளையும் கேபிள்களையும் கட்டி இழுத்தார்கள். நாலு சகோதரர்களுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று அது. ஒருவனுக்குக் கொஞ்சம் கூடும், இன்னொருவனுக்குக் குறையும். ஒரு கம்பி தளர்ந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். மாதாமாதம் கீழே படுத்து முடுக்க வேண்டும்.

இதற்குப் பதில் மோட்டாரே இல்லாத காலத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு ஞானி பாஸ்கல் 1662இல், நாற்பது வயது நிறைவதற்கு முன்பே காலமானார். அடுத்த வருஷம் அச்சான அவருடைய நூல் ஒன்றில் ஓர் உண்மை இருந்தது: அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும். சிறிய வாயில் ஒருவன் அழுத்தினால், அதைப்போல் நூறு மடங்கு பெரிய வாயில் நூறு பேர் அழுத்துவதைச் சமாளிக்கலாம் என்றார் அவர். 1795இல் இங்கிலாந்தில் ஜோஸப் பிரமா என்ற பூட்டுச் செய்பவர் இதை வைத்து அழுத்த யந்திரம் செய்தார். பிஸ்டனைச் சுற்றி நீர் கசிந்தது பெரிய தொல்லையாக இருந்தது. அழுத்தம் ஏற ஏறத் தானே விரிந்து இறுக்கிக்கொள்ளும் தோல் கிண்ணம் ஒன்று அந்தத் தொல்லையைத் தீர்த்தது. இன்று நம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப், அந்தத் தோல் கிண்ணத்தின் பேரன்.

இந்தச் சங்கதியைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். விமானக் கம்பெனி தொடங்கிய ஆலன் லாக்ஹீடின் சகோதரர். 1917இல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உரிமை பெற்றார். 1921இல் டூஸன்பர்க் என்ற உயர்ந்த ரகக் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. 1924இல் கிரைஸ்லர் கார், தோல் கிண்ணத்தை எடுத்துவிட்டு ரப்பரைப் போட்டு, நடுத்தர விலைக்கே அதைக் கொடுத்தது. ஹென்றி ஃபோர்டோ இரும்புக் கம்பியை விட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து, 1939 மாடலில்தான் இறங்கி வந்தார்.

குழாய்க்குள் எந்தத் திரவத்தை ஊற்றுவது? பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்க வைத்துவிடும். ஆகவே ஆரம்ப காலத்துப் பிரேக் ஆயிலில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளைச் சேர்த்தார்கள்: ஆமணக்கு எண்ணெய், ஆல்கஹாலோடு கலந்தது. குழந்தைகளை ஓட வைப்பதற்கு நம் பாட்டிமார் உபயோகித்த எண்ணெய், கார்களை நிறுத்துவதற்கு உபயோகமாயிற்று! பிறகு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. அவை ரப்பருக்குச் சாது. ஆனால் ஒரு துர்க்குணம் உண்டு. உப்பு ஜாடி மழைக்காலத்தில் ஈரம் இழுப்பதுபோல, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடு வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லையே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் இந்தக் கதை தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்துக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் கட்டிய அம்பாஸடர், 1958 முதல் நம் சாலைகளில் ஓடியது. 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் காற்றுப் பிரேக் செய்யச் சுந்தரம் கிளேட்டனும் அதே வருஷம் அதே பாடியில் வந்தது. 1964இல் ரானே பிரேக் லைனிங்ஸ். பாரத தேசத்து வண்டிகள் நிற்பதற்குச் சென்னைப் பட்டணம் பெரிய காரணம் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பாஸ்கல் எழுதி வைத்த உண்மையைப் பூதாகாரமாகப் பார்க்க வேண்டுமானால் நெய்வேலிக்குப் போக வேண்டும்.

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் குழாய்க் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே 20ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில். நாலு வருஷம் ஏன் என்று கேட்கலாம். மேலே இருந்த கடலூர் மணற்பாறை, ஜெர்மன் யந்திரங்களின் இரும்புப் பற்களையே தேய்த்துத் தீர்த்தது. கீழே அதைவிடப் பெரிய விரோதி ஒன்று காத்திருந்தது.

கரிப் படுகைக்கு அடியில் ஒரு நீர்ப் படுகை இருக்கிறது. மேலும் கீழும் அடைபட்ட தண்ணீர். அது மேல்நோக்கி அழுத்துகிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 60 முதல் 80 டன் ஆகிறது. பத்துச் சதுர மீட்டர் உள்ள ஒரு சின்ன அறையின் தரைக்கு அடியில் இரண்டு திருவாரூர்த் தேர்களின் பாரம், அதுவும் கீழிருந்து மேலே! மேல் மண்ணை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் வந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தீபாவளி உண்டா, பொங்கல் உண்டா, அந்தப் பம்புகளுக்கு எதுவும் கிடையாது. ரஷ்ய உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. இறைப்பவர்களுக்கு ஓய்வில்லை. அடியில் உள்ள அழுத்தத்துக்கு வழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நெய்வேலியின் முதல் பாடம்.

டவுன்ஷிப்பில் நான் சில வருஷங்கள் குடியிருந்தபோது, ரிட்டயரான ஓர் எஞ்சினீயரிடமிருந்து 1978ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்றை வாங்கினேன். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். நாலுக்கும் சேர்த்து ஒரே குழாய்த் தொடர். வண்டி தங்கமானது. பிரேக் மட்டும் 'சில சமயம்' ரகம். அதுவும் ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு சில சமயங்கள். சில நாள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி இறுகும். இன்னும் சில நாள், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஒரு நாள் வடலூர் நாலு ரோட்டுக்கு வருகிறபோது பெடல் தரையைத் தொட்டது. பின்னால் என் குழந்தைகள் இரண்டும் உட்கார்ந்து இலந்தை வடை தின்றுகொண்டிருந்தன. கைப்பிரேக்கை இழுத்து, ஒரு கரும்பு லாரிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். இறங்கி ஒரு சோடா குடித்துவிட்டு வந்து மிதித்துப் பார்த்தால், பெடல் கல்போல் நின்றது!

வேறொரு ஊர் ஒர்க்ஷாப்பில் லைனிங் மாற்றினார்கள். இன்னொன்றில் நாலு சக்கரச் சிலிண்டர்களையும் மாற்றினார்கள். இரண்டு பேருமே வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "பிரேக் பிரமாதமாக இருக்கிறதே, ஸார்!" என்றார்கள். பல் டாக்டர் வீட்டு வாசற்படி சமாசாரம்தான்.

கடைசியில் மந்தாரக்குப்பத்தில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். முப்பது வருஷம் சுரங்கத்துப் பம்புகளோடு வாழ்ந்தவர். ரிட்டயரான பிறகு ஒரு கீற்றுக் கொட்டகையில் பழைய வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை. வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்டார்.

"வண்டி ஆறியிருக்கறப்ப வருதா தம்பி, சூடானப்புறமா?"

"சூடான பிறகுதான், ஐயா."

"மழையில வருதா?"

"வெயில் நாளில்தான் அதிகம்."

"ஒரு பக்கமா இழுக்குதா?"

"இல்லை, நேராகத்தான் போகிறது."

"ரெண்டாந்தரம் மிதிச்சா பெடல் ஏறுதா?"

"கொஞ்சம் ஏறும்; ஆனால் பஞ்சாகவே இருக்கும்."

அவர் ஒரு பீடியைப் பற்ற வைத்தார். "பெடல் எப்பவுமே இம்புட்டு ஒசரமாவா நிக்கும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரோ ஒசத்தி விட்டிருக்கான்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "வியாதியை வர வெச்சுத்தான் பாக்கணும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

விருத்தாசலம் சாலையில், வேண்டுமென்றே அடிக்கொரு தரம் பிரேக் போட்டுக்கொண்டு போனார். பதினாலாவது கிலோமீட்டரில் வண்டி இறுகியது. ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நாலும் ஒரே சூடு. "ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்தச் சக்கரத்துல குத்தம், இல்லே அதுக்குப் போற ரப்பர் ஹோஸ் உள்ளாற வீங்கியிருக்கு. நாலும் கொதிச்சா குத்தம் தலைமாட்டுல" என்றார். கியரை நியூட்ரலில் போட்டு இருவரும் தள்ளினோம், வண்டி அசையவில்லை. பின் சக்கரத்தின் பின்னால் இருந்த ப்ளீடர் நிப்பிளை அரைத் திருகு திருப்பினார். 'பிஸ்' என்று பிரேக் ஆயில் பீறிட்டது. நிப்பிளை இறுக்கிவிட்டுத் தள்ளினோம். கோயில் யானை எழுந்து நடக்கிற மாதிரி வண்டி சாவதானமாக உருண்டது. யாரும் மிதிக்காத வண்டியின் குழாய்க்குள் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்பது ருசுவாகிவிட்டது.

எப்படிச் சிறைப்பட்டது? மாஸ்டர் சிலிண்டரில், ரப்பர் கப்புக்குச் சற்று முன்னால், தையல் ஊசி நுனி நுழைகிற அளவில் ஒரு துவாரம் உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கினால் அந்தத் துவாரம் திறக்கும். சூட்டில் பெருகிய ஆயில் அதன் வழியாக மேல் தொட்டிக்குத் திரும்பிவிடும். என் வண்டியில் எந்தக் காலத்திலோ யாரோ, பெடல் உயரமாக நிற்க வேண்டும் என்ற ஆசையில், பிஸ்டனைத் தள்ளும் கம்பியை நீளமாகத் திருகி விட்டிருந்தார்கள். பிஸ்டன் கடைசி வரை பின்வாங்கவில்லை. ரப்பர் கப் துவாரத்தை மூடிக்கொண்டே நின்றது. பெருகிய ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. அது ஷூக்களை மெல்லத் தள்ளியது. ஷூ உரசி இன்னும் சூடு. சூட்டில் இன்னும் பெருக்கம். இது முதலாவது 'சில சமயம்'.

இரண்டாவது, முதலாவதின் குழந்தை. ஆயில் மாற்றி வெகு வருஷம் ஆகியிருந்தது. பெரியவர் வெளியே எடுத்தபோது டிகாக்ஷன் மாதிரி கறுப்பாக வந்தது. ஈரம் ஏறிய ஆயிலின் எல்லை 205 அல்ல, 140 என்று முன்பே சொன்னேன். டிரம்கள் அப்படிக் கொதித்த நாட்களில் சக்கரச் சிலிண்டருக்குள் ஆயிலும் கொதித்து ஆவியாயிற்று. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். முப்பது கிலோ பலத்தோடு மிதித்தால், பெடல் அதை ஐந்து மடங்காக்கி, நாலு சதுர சென்டிமீட்டர் பிஸ்டன்மேல் 150 கிலோவாகப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 37 கிலோவுக்கு மேல் அழுத்தம் எழ வேண்டும். உள்ளே ஆவி இருந்தால் அத்தனை உழைப்பும் அதை நசுக்குவதிலேயே போய்விடும். சோடா குடிக்கிற நேரத்தில் ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிவிடும். குற்றவாளி தடயத்தை அழித்துவிட்டான். அதிகமாகப் பிடிப்பதும் பிடிக்காமலே போவதும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பது, ஆறின வண்டியை மட்டும் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

சிகிச்சை மிகவும் அற்பம். தள்ளும் கம்பியைச் சில திருகு குறைத்து, பெடலுக்கு அரை அங்குலம் தளர்ச்சி கொடுத்தார். பழைய ஆயிலை இறக்கிப் புதிதை ஊற்றி, நாலு சக்கரத்திலும் காற்றை எடுத்தார். "புடிக்கத் தெரிஞ்சாப் போதாது தம்பி, விடவும் தெரியணும். சுரங்கத்துல நாங்க அதுக்குத்தான் கிணறு போட்டோம்" என்றார். நான் கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லா வண்டியிலும் இதே காரணம் இருக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மிதித்துக்கொண்டே இருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே சொட்டுக்கூடச் சிந்தாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் கப் உள்ளுக்குள் கசிகிறது. இரண்டு மூன்று தரம் மிதித்ததும் பெடல் உயர்ந்து கல்லாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. உயர்ந்தும் பஞ்சாக இருந்தால் காற்றோ ஆவியோ இருக்கிறது. மழையில் நனைந்ததும் ஒரு பக்கம் இழுத்து, சற்று ஓடியதும் சரியானால் டிரம்முக்குள் ஈரம். ஒரு சக்கரம் பிடித்தால் பிடித்தபடி விடாமல் நின்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே சவ்வு உரிந்து ஒருவழிக் கதவுபோல அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைப் பிரேக் தொட்டியில் ஊற்றிய வண்டியானால், உள்ளே உள்ள ரப்பர் அத்தனையையும் மாற்றியே ஆக வேண்டும். ஏற்காட்டின் இருபது ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் எழுபதிலும் கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால், நல்ல வண்டியிலும் ஆயில் கொதிக்கலாம். பழைய டிரம்மைக் கழற்றினால் தூசியை வாயால் ஊத வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் இருந்தது. நுரையீரலுக்கு அது விஷம்.

நாலு சக்கரமும் ஒரே குழாயை நம்பியிருப்பது ஆபத்து என்பதை உலகம் மெதுவாகத்தான் உணர்ந்தது. 1968 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு இரண்டு தனித் தொடர்கள் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும். நம் அம்பாஸடரும் பிற்காலத்தில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வரை வளர்ந்து, 2014இல் நின்றுபோயிற்று. புதிய கார்களில் கோளாறைச் சொல்ல ஒரு விளக்கு எரிகிறது. பழைய வண்டிக்கு அந்த விளக்கு அதன் சொந்தக்காரன்தான்.

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்கானிக்கிடம் "சில சமயம் பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பழைய டயரியை வண்டியில் போட்டு வையுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, வெயிலா மழையா, எந்தப் பக்கம் இழுத்தது, எந்தச் சக்கரம் சூடு, இரண்டாம் மிதியில் பெடல் என்ன செய்தது, எவ்வளவு நேரத்தில் சரியாயிற்று என்று ஒவ்வொரு தரமும் ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாறு வரி சேர்ந்ததும் 'சில சமயம்' என்பது போய் 'இன்ன சமயம்' என்று ஆகிவிடும். அதுவரை வண்டியில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.